மூலைக் குழி

“பந்தயம் கட்டறது ஹராம்னு தெரியாதா உங்களுக்கு?”

டீ தம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு வகிதா கேட்டாள்.

பீர் முகம்மது நிமிரவில்லை. உத்திரமேரூர் கடைத்தெருவில் அவர்களுடைய ஃபேன்ஸி ஸ்டோருக்குப் பின்னால் இருந்த சரக்கு அறையில், பச்சைத் துணி ஒட்டிய பில்லியர்ட்ஸ் மேசைமேல் குனிந்து, கோலை வெள்ளைப் பந்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“இது அந்தக் கணக்குல வராது.”

“வேற எந்தக் கணக்குல வரும்? தாஸண்ணாவ ஞாயித்துக்கெயம ஆட வரச்சொல்லி, ஜெயிச்சவனுக்கு மேசன்னு போன்ல சொன்னது யாரு, நானா?”

“வாய் தவறி வந்துட்ச்சு. சொன்னது சொன்னதுதான்.”

டொக். வெள்ளைப் பந்து ஓடிப்போய்க் கறுப்பைத் தட்டியது. கறுப்பு உருண்டு மூலைக் குழிக்குள் விழுந்தது. ‘ச்சு’ என்று முகத்தைச் சுளித்தார் பீர் முகம்மது.

“அதான் வுயுந்துச்சே, இன்னும் இன்னா?”

“வேகம் ஜாஸ்தி.”

பந்தை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தார். கோலின் நுனியில் நீலச் சாக்பீஸைத் தேய்த்தார். இந்த முறை கறுப்பு குழியின் விளிம்புவரை போய், விழாமல் நின்றுவிட்டது. அவர் கோலைக் கீழே வைத்துவிட்டு, கன்னம் மேசையில் படும்படி சாய்ந்து, அந்தப் பந்தையே வெகுநேரம் பார்த்தார். எங்கே தப்பு என்று தேடுகிறார் போல, பாவம் என்று வகிதா நினைத்துக்கொண்டாள்.

மஸ்கட்டில் அவர் இருந்த காலத்தில் இந்தச் சத்தத்தைக் கேட்டாலே அவளுக்கு ஆகாது. வெள்ளிக்கிழமை போன் வரும். அவர் குரலுக்குப் பின்னால் டொக், டொக் என்று கேட்கும். “எங்கூட பேசறீங்களா, பந்தோட பேசறீங்களா?” என்று சண்டை பிடிப்பாள். வேலையாட்கள் தங்கியிருந்த அந்தக் கேம்ப்பை மூடியபோது, அங்கிருந்த பில்லியர்ட்ஸ் மேசை யாருக்கு என்று சீட்டுக் குலுக்கினார்கள். இவர் பேர் வந்தது. “கப்பல்ல தங்கம் வரும்னு பாத்தா, பாய் வூட்டுக்கு மேச வந்துகீது” என்று தெருவே சிரித்தது.

இப்போது மதியம் கடையைச் சாத்தியதும் அவர் கோலை எடுப்பார், அவள் பூண்டு உரிக்க உட்காருவாள். ஒரே பந்தை ஒரே இடத்தில் வைத்துத் திரும்பத் திரும்ப அடிக்கவைத்த பிலிப்பைன்ஸ் சூப்பர்வைசர், மணல் காற்று அடித்த ராத்திரி, ஒரே தட்டில் சாப்பிட்ட எட்டுப் பேர் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். அவர் இல்லாமல் போன வருஷங்கள் அந்தப் பேச்சு வழியாகத்தான் அவள் கைக்கு வந்தன. மேசை போனால் பேச்சும் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை அவர் ஜெயிக்க வேண்டும் என்று தொழுகைக்குப் பிறகு தினமும் துவா கேட்டாள்.

ஞாயிறு மதியம் மாகறலிலிருந்து ஞானதாஸ் வந்து இறங்கினார். கேம்ப்பில் இவருக்குப் பக்கத்துக் கட்டில்காரர். போன வருஷம் மனைவி தவறி, தை மாதம் மகள் ஷாரோனையும் கட்டிக்கொடுத்துவிட்டு, ஆற்றோரத்து வீட்டில் தானே சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிறவர். ரம்ஜானுக்கு இவர்கள் பிரியாணி அனுப்பிய தூக்கு அவர் கையில் இருந்தது. அது நிறைய வேர்க்கடலை.

“எதுக்குண்ணா இதெல்லாம்?”

“வெறும் தூக்க நீட்டனா கை கூசாதா தங்கச்சி?” என்றவர், கோலை எடுத்துக்கொண்டார். “பாய், வுட்டுக்குடுத்து ஆடன, உன்னாண்ட பேச்சே கிடியாது. கேம்ப்ல வேணும்னே தோத்த அந்த நேபாளத்துக்காரன் கதி தெரியுமில்ல?”

“உனுக்கு வுட்டுக்குடுக்க எனுக்கின்னா பைத்தியமா? என் மேசடா அது.”

சளைக்காமல் ஆடினார்கள். ஒருவர் பந்தை ஒருவர் மறித்தார்கள், பழைய கேம்ப் வசவுகளையெல்லாம் எடுத்து வீசினார்கள். கடைசியில் இரண்டு பேருக்கும் கறுப்பு மட்டும்தான் பாக்கி. அதைக் குழியில் போட்டவருக்கு ஜெயம். பீர் முகம்மதுவின் முறை. பந்து அவர் வாரம் முழுக்கப் பழகிய அதே மூலைக்கு நேராக நின்றது. வகிதாவுக்கு மூச்சு வந்தது.

டொக்.

கறுப்பு உருண்டு, விளிம்பைத் தொட்டு, நின்றுவிட்டது.

ஞானதாஸ் விழுந்து விழுந்து சிரித்தார். மனைவி போனபிறகு அவர் இப்படிச் சிரித்து வகிதா பார்த்ததில்லை. ஒரு விரலால் தட்டுவதுபோல அந்தப் பந்தை உள்ளே தள்ளினார்.

“வண்டி பேசிக்கினு வரேன், இன்னிக்கே ஏத்திடலாம். ஞாயித்துக்கெயமன்னா நீ மாகறலுக்கு வந்துடணும் பாய். தனியா ஆட முடியுமா? தங்கச்சியயும் இட்டுக்கினு வா.”

அவர் தெருவில் இறங்கிப் போனார். வகிதா முந்தானையால் மேசை ஓரத்துச் சாக்பீஸ் பொடியைத் துடைத்தாள். பிறகு கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

“வாரம் பூரா அதே பந்தத்தான அடிச்சீங்க? இன்னிக்குப் பாத்தா நிக்கணும்?”

பீர் முகம்மது கறுப்பை எடுத்துப் பழைய இடத்தில் வைத்து அடித்தார். அது விளிம்பில் போய் நின்றது. மறுபடி வைத்து அடித்தார். அங்கேயே நின்றது. இன்னொரு முறை அடித்தபோது உள்ளே விழுந்துவிட்டது. ‘ச்சு’ என்று முகத்தைச் சுளித்தார்.

வகிதா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“சும்மா குடுத்தா தாஸு வாங்குவானா?” என்றபடி அவர் கோலைச் சுவரில் சாய்த்தார். “பந்தயம் ஹராம்தான் வகிதா. தோக்கறதுக்குன்னே வாரம் பூரா பழகனா, அதுக்குப் பேரு பந்தயமா?”