பின்சக்கரத்தில் துரு

துரு இருக்க வேண்டும் மாதாவே என்று வேண்டிக்கொண்டே காரின் பின்சக்கரத்தைக் கழற்றினாள்.

அப்பா பக்கத்தில் நின்று நட்டுகளை எவர்சில்வர் கிண்ணத்தில் வாங்கிக்கொண்டார்.

போன வாரம் அவர் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போகும்போது வண்டி பள்ளிக்கூடத்துச் சுவரில் போய் முட்டியது. நல்லவேளை, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிரேக் பிடிக்கவில்லை என்றார் அப்பா.

வயசாகிவிட்டது, கால் தடுமாறியிருக்கும் என்றான் அவள் புருஷன் கிளாட்வின். இனி பிள்ளையை அவரோடு அனுப்ப முடியாது என்றும் சொன்னான். சாப்பிட்டுக்கொண்டிருந்த மனுஷனின் முகத்துக்கு நேராகவே சொன்னான்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் அப்பா. ஒரு கண்டெய்னரைக்கூட உரசியதில்லை. அவருக்கா கால் தடுமாறும்?

சர்வீஸில் விட்டால் துடைத்து மினுக்கிக் கொடுத்துவிடுவார்கள். அவளுக்குத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். வீடியோவைப் போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு, பூசை முடிந்து வந்த கையோடு உட்கார்ந்துவிட்டாள்.

பேட்டரி வண்டி. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் வேகத்தைக் குறைத்துவிடும். பிரேக்குக்கு வேலை கம்மி. சும்மா கிடக்கிற இரும்பைத் தூத்துக்குடி உப்புக்காற்று விடுமா?

விடவில்லை.

பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர் நகர்கிற கம்பி ஒன்று துருவேறி இறுகிக் கிடந்தது.

"ஏங்க! இங்க வந்து பாருங்க! நான் சொன்னம்லா?"

கிளாட்வின் குனிந்து பார்த்தான். அவனே முறுக்கிப் பார்த்தான். கம்பி அசையவில்லை. அவன் முகம் சிறுத்துப்போனது.

"சாரி மாமா. நாந்தான் அவசரப்பட்டுப் பேசிட்டேன். நாளைக்குப் பிள்ளைய நீங்களே கூட்டிட்டுப் போங்க."

அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

ஒரு பின்சக்கரம் சரியாகப் பிடிக்காததற்கு வண்டி சுவர் வரைக்கும் போகுமா என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்கப் பிடிக்கவில்லை.

எண்ணெய் விட்டு, தட்டித் தட்டிக் கம்பியை உருவினாள். உப்புத்தாளால் தேய்த்தாள். கிரீஸ் தடவி மாட்டினாள். விரலால் தள்ளினாலே காலிப்பர் வழுக்கிக்கொண்டு போனது.

சக்கரத்தை மாட்டி ஜாக்கியை இறக்கினாள்.

சாவியை அப்பாவிடம் நீட்டினாள். ஒரு ரவுண்டு போய் வரச் சொன்னாள்.

அவர் வாங்கவில்லை.

வண்டியைச் சுற்றிப் போனார். இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

"நான் மிதிச்சது பிரேக்கு இல்லம்மா."

வாசலில் நின்ற கிளாட்வினுக்கு அது கேட்டிருக்காது.

அவள் ஸ்டியரிங் பக்கம் ஏறி உட்கார்ந்தாள். இருக்கை அப்பாவின் நீளக் கால்களுக்காகப் பின்னால் தள்ளியிருந்தது.



பிறகு அதை முன்னால் இழுத்துக்கொண்டாள்.