மயிலை

வண்ணப் பெட்டியில் நீலம், மஞ்சள், காவி என்று மூன்றே வில்லைகள் மிச்சம் இருக்கின்றன. ஜன்னல் வெயில் டிராயிங் ஆபீஸ் மேசையில் விழுகிறது. தூரத்தில் மண்வெட்டும் இயந்திரம் ஓயாமல் உறுமுகிறது. மெட்ராஸிலிருந்து மாற்றலாகி வந்த சண்முகசுந்தரம், கண்காட்சிக்காக ‘சுரங்கத்துக்கு முன்’ என்ற படத்தைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். ஏர்க்காளை மட்டும் இன்னும் வெறும் பென்சில் கோடாக நிற்கிறது. படத்திலுள்ள நிலம் சின்னதுரையுடையதாக இருந்தது. இப்போது அது சுரங்கம், அவர் இந்த ஆபீசைக் கான்ட்ராக்டில் கூட்டுகிறவர். “உங்க மாடு என்ன கலர் சின்னதுரை?” “மயிலைங்க சார்.” சண்முகசுந்தரம் உற்சாகமாக நீலத்தில் மஞ்சளைக் குழைத்து, தட்டில் மயில் கழுத்தையே வரவழைத்துவிடுகிறார். “ஐய, மயில் இல்லீங்க! மயிலைன்னா சாம்பக் கலருங்க.” “கறுப்பே இல்லாம சாம்பலுக்கு எங்க போறது?” சின்னதுரையின் விரல் தூரிகை கழுவிய தம்ளரைக் காட்டுகிறது. எல்லா வண்ணமும் கரைந்து அதில் அழுக்குச் சாம்பலாகியிருக்கிறது. “இதாங்க சார்.” அந்தத் தண்ணீரைத் தொட்டு நாலு இழுப்பு, திமில் எழுகிறது, அலைதாடி தொங்குகிறது. சின்னதுரை துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறார். சண்முகசுந்தரம் தள்ளி நின்று பார்க்கிறார். “எடுப்பா இல்லையே,” என்று சொல்லிக் காவியை அழுத்தமாக மேலே பூசுகிறார். காளை செவலையாகிவிடுகிறது. “அது எங்க மாடு இல்லீங்க சார்.” “யாருக்குத் தெரியப் போவுது? தண்ணிய மாத்திக் கொண்டா.” சின்னதுரை கைகழுவும் தொட்டியில் தம்ளரைக் கவிழ்க்கிறார். மயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் குழிக்குள் இறங்குகிறது.