எடைக்கு ஆள்

"ஏம்மா, நீ எவ்ளோ எடை இருப்ப?"

டீக்கடை ஓரம் பஸ்ஸுக்கு நின்ற பெண்ணிடம் கணவர் புருஷோத்தமன் இப்படிக் கேட்டதும், வடிவுக்கு ஜீப்பிலிருந்து குதித்து ஓடிவிடலாம் போலிருந்தது.

கல்யாணமாகி முப்பது வருஷம் ஆனதற்கு மகள் அபிநயா எடுத்துத் தந்த பரிசு, இந்த அரைநாள் ஜவ்வாது மலைச் சுற்று. நான்கு சக்கரமும் இழுக்கிற தனி ஜீப். ஓட்டுவதும் இடங்களைக் காட்டுவதும் பார்த்திபன். "உங்க ரெண்டு பேரத் தவிர ஒரு ஈ கூட ஏறாதும்மா" என்று மகள் சொல்லியிருந்தாள்.

மலையடிவாரத்து அமிர்தியிலிருந்து இந்த டீக்கடை வரை ஜீப் தொட்டில் மாதிரி வந்தது. டீ குடித்துவிட்டுக் கிளம்பியதுதான் தாமதம், அதற்கு வெறி பிடித்துவிட்டது. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுவதற்குள் வடிவு மூன்று முறை பறந்தாள். மூன்று முறையும் சிரித்தாள். திருவிழா ராட்டினத்தில்கூட அவள் இப்படிச் சிரித்ததில்லை.

புருஷோத்தமனின் தலை கூரையில் மோதியது.

"இன்னாபா இது, வண்டியா தவளையா?"

"எடை பத்தல சார். பதினஞ்சு பேரு போற வண்டி. ரெண்டே பேருன்னா குதிக்கத்தான் செய்யும்."

"அப்ப எடைய ஏத்து! டீக்கடையாண்ட அத்தினி பேரு நிக்கறாங்களே. வுடு ரிவர்ஸ்ல!"

அப்படித்தான் திரும்பி வந்திருந்தார்கள். புருஷோத்தமன் கண்ணமங்கலத்தில் சிமெண்ட் கடை வைத்திருப்பவர். மனுஷர்களையும் மூட்டைக் கணக்கில்தான் பார்ப்பார் போலிருக்கிறது என்று வடிவு நினைத்துக்கொண்டாள்.

"நாப்பத்திரண்டு கிலோ சார்" என்றாள் அந்தப் பெண்.

அவள் பெயர் செல்லி. சத்துணவுக் கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. இன்று பன்னிரண்டு மணிக்குள் ஜமுனாமரத்தூர் ஆபீஸில் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். இதெல்லாம் டீ குடிக்கும்போதே டீக்கடைக்காரர் சொல்லி வடிவுக்குத் தெரியும். எட்டரை மணி பஸ் இன்னும் வரவில்லை. இப்போது மணி பத்தே முக்கால்.

"நாப்பத்திரண்டு எந்த மூலைக்கு? சரி, ஏறு. பெரியவரே, நீ?"

பெரியவர் முனியன் தன் ஆட்டைத் தூக்கிக் காட்டினார். "இத்தோட சேத்து அறுவது வரும் சார்."

"ஆடு மட்டும்?"

"பதினஞ்சு."

"ஆடு போதும். நீ வேணும்னா அதுக்குத் துணையா ஏறு."

நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். பாஞ்சாலி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். வாட்டசாட்டமான அம்மாள்.

"எம்பத்தஞ்சு! என்னை நடுவுல உக்கார வெச்சா உன் வண்டி ஆடாது, அசையாது. அதுக்கு இன்னா குடுப்ப?"

"ஒரு டீ."

"எம்பத்தஞ்சு கிலோவுக்கு ஒரு டீயா? ரெண்டு!"

"ஏறும்மா தாயே, ரெண்டு."

வடிவு அவர் தொடையைக் கிள்ளினாள். "ஏங்க, மனுஷங்களப் போயி..."

"நீ சும்மா இரு. எனக்கு மண்டை வீங்குது."

ஆறு பேரும் ஓர் ஆடும் ஏறிக்கொண்டார்கள். ஜீப் அடங்கிப் போனது. வளைவுக்கு வளைவு பாஞ்சாலி, "சார், மண்டை நல்லா கீதா?" என்று விசாரித்தாள். பார்க்க வேண்டிய இடங்களை அபிநயா அச்செடுத்துக் கொடுத்திருந்த தாளை ஆடு மெல்ல ஆரம்பித்தது.

"ஐயோ, காவலூரைத் தின்னுடுச்சு சார்!" என்று கத்தினார் முனியன்.

"அருவியாச்சும் மிச்சம் வெக்கச் சொல்லு" என்றான் பார்த்திபன்.

வடிவுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. செல்லி மட்டும் சிரிக்கவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மணி கேட்டுக்கொண்டே வந்தாள்.

பதினொன்று ஐம்பதுக்கு ஆபீஸ் வாசலில் ஜீப் நின்றது. செல்லி குதித்து ஓடினாள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள். ஜீப்பே கூவியது. வடிவு உட்கார்ந்த இடத்திலிருந்தே அதைப் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

"சார், திரும்பிப் போறச்ச நாங்க இல்லியே" என்றாள் செல்லி, உண்மையான கவலையோடு. "மண்டையப் பாத்துக்கோங்க."

ஆடு தின்றதுபோக மிச்சமிருந்த அருவியையும் ஏரியையும் பார்த்துவிட்டு இருவரும் திரும்பினார்கள். காலி ஜீப் மறுபடி குதித்தது. குதிப்புக்கு நடுவே வடிவு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி, போட்டோவுக்குக் கீழே எழுதி முடித்தாள்: 'கல்யாண நாளில் ஆறு ஏழைகளுக்கு எங்களால் ஆன சிறு உதவி.' சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

ஜீப் காலையில் நின்ற டீக்கடையில் நின்றது. பார்த்திபன் கடைக்குப் பின்னால் போய் ஒரு மூட்டையைத் தூக்கி வந்து பின்பக்கம் போட்டான். பிறகு இன்னொன்று. மொத்தம் நான்கு.

"இன்னாபா இது?" என்றாள் வடிவு.

"மண் மூட்டைம்மா. ஆளு கம்மின்னா எடைக்கு இதான் கெடக்கும்."

"அப்ப காலைல?"

"நீங்க டீ குடிக்கச்ச சார்தான் இறக்கி வெக்கச் சொன்னாரு."

வடிவு கணவரைப் பார்த்தாள். அவர் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நேரா ஏறுங்கன்னு கூப்ட வேண்டியதுதானே?"

"கூப்ட்டா ஏற மாட்டாங்கன்னு இந்தப் புள்ளதான் சொன்னான். போன மாசம் டவுன்காரங்க யாரோ ஏத்திக்கினு போயி, ஏழைங்களுக்கு உதவி பண்ணோம்னு அவங்கள படம் புடிச்சி ஊருக்கெல்லாம் அனுப்பிட்டாங்களாம். அதான், நீங்க எனக்கு உதவி பண்ணுங்கன்னு கேட்டேன். ஏறிட்டாங்க."

அவர் அவள் பக்கம் திரும்பினார். "அது கெடக்கட்டும். நீ இன்னா அவ்ளோ நேரமா போனைத் தட்டிக்கினு இருக்க?"

வடிவு போனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"ஒன்னும் இல்லீங்க."