வெறுங்கை

ஒஸ்லோவின் ட்வெய்ட்டாப் பகுதியில், ஒர்னெல்லாவின் ஏழாம் மாடிக் குசினி. வெளியே மார்ச் மாதப் பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் உள்ளே குசினிக் கூரையில் அசைகிறது. இந்த நகரத்தில் வாழும் இத்தாலியப் பெண்களின் அன்றாடத்தைப் புகைப்படம் எடுத்துவரும் ஆரணி, கமராவைக் கண்ணருகே கொண்டுபோகிறாள். மாப் பிசைந்துகொண்டிருந்த ஒர்னெல்லா உடனே விறைத்துப்போகிறாள். கடவுச்சீட்டுப் படத்துக்கு இருப்பவள்போல நாடி நிமிர்கிறது. காலையிலிருந்து இதே கதைதான், படச்சுருளும் முடியப்போகிறது. வெளிச்சத்தைத் திருப்பிவிட வெள்ளைப் படுக்கை விரிப்பைப் பிடித்தபடி நிற்கும் மச்சாள் தக்சிலாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“வெறுங்கையோடை ஆராவது படத்துக்கு நிப்பினமோ?” விரிப்பைக் கதிரையில் போட்டுவிட்டுத் தன் தங்கக் காப்பைக் கழற்றுகிறாள்.

“இது கலியாணப் படமில்லை மச்சாள். அவ எப்பவும் இருக்கிற மாதிரித்தான் எனக்கு வேணும்.”

“எப்பவும் இப்பிடியோ விறைச்சுக்கொண்டு நிக்கிறவ?”

ஒர்னெல்லாவின் கையைப் பிடித்துக் காப்பை நுழைக்கிறாள். அது பெருவிரல் எலும்பில் சிக்கி நிற்கிறது. தக்சிலா மேசையிலிருந்த ஒலிவ் எண்ணெயை மா அப்பிய அந்தக் கையில் தடவி, காப்பைத் திருகித் திருகித் தள்ளுகிறாள். ஒர்னெல்லா தன் மொழியில் ஏதோ முனகுகிறாள். காப்பு சட்டென்று ஏறிவிடுகிறது. இருவரும் தடுமாறி மேசையில் இடிக்கிறார்கள். மாத்தூள் வெயிலில் எழும்புகிறது. ஒர்னெல்லா தலையைப் பின்னால் சாய்த்து, வாய்விட்டுச் சிரிக்கிறாள். விலகுங்கோ மச்சாள் என்று சொல்ல வாயெடுத்த ஆரணி, சொல்லாமலே பொத்தானை அழுத்துகிறாள். காப்புப் போட்ட கையை விடாமல் பிடித்தபடி, மச்சாளின் வெறுங்கையும் படத்துக்குள் வந்துவிடுகிறது.