அசையாத மாப்பிள்ளை

"உன் புருஷன் என்ன, பசை போட்டு ஒட்டியிருக்காரா?"

மகளின் காதில்தான் கேட்டார் அப்பா. படகு முழுக்கக் கேட்டது.

மகள் தானே தேடிக்கொண்ட மாப்பிள்ளை. கல்யாணம் முடிந்த பிறகும் அப்பாவுக்கு மனசு ஒப்பவில்லை. "ஒருநாள் பழகித்தான் பாருங்களேம்பா" என்று கெஞ்சி, ஆறு பல கிளையாகப் பிரிந்து கடலில் சேரும் இடத்தைச் சுற்றிப் பார்க்க அழைத்து வந்திருந்தாள். தண்ணீரைக் கண்டாலே நடுங்கும் அம்மாவையும் தாஜா பண்ணி ஏற்றியாயிற்று.

மாப்பிள்ளையோ, படகு ஏதோ கட்டையில் இடித்ததும் போய் நடுப்பலகையில் உட்கார்ந்தவர்தான். பிள்ளையார் மாதிரி அசையவே இல்லை.

"மாப்பிள்ளை, அங்க நிழலா இருக்கு. நான் அங்க வந்து உக்காரட்டுமா?" என்றாள் அம்மா.

"வேணாம் அத்தை, அங்கயே இருங்க. அங்கதான் நல்லாக் காத்து வருது."

வெயிலில் வதங்கிக்கொண்டிருந்தவளுக்குக் காற்றைப் பற்றி உபதேசம்! அப்பா பல்லைக் கடித்தார்.

"எல்லாரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கலாம், வாங்க" என்றாள் மகள். மாப்பிள்ளை இருந்த இடத்திலிருந்தே சிரித்தார்.

அடுத்த கால்வாயில் படகு சேற்றில் மாட்டியது. படகுக்காரர் குதித்தார். அப்பா பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். மகளும் இறங்கினாள். மாப்பிள்ளை மட்டும் உள்ளேயிருந்து, "இன்னும் கொஞ்சம் இடது பக்கமா தள்ளுங்க மாமா" என்றார்.

அப்பாவுக்குக் காதில் புகை வந்தது. ஆனால் மாப்பிள்ளையை நேராகத் திட்ட முடியுமா? படகுக்காரர்தான் கிடைத்தார்.

"ஏம்பா, கனமான சாமானையெல்லாம் முதல்ல எறக்க மாட்டியா?"

"அவர் இருக்கட்டும் சார்" என்றார் படகுக்காரர் பதறிப்போய்.

மகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இனி அப்பாவிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது?

ஒருவழியாகத் தீவு வந்தது. படகுக்காரர் முதல் ஆளாகக் குதித்து எங்கேயோ ஓடினார். அம்மாவைக் கைத்தாங்கலாகக் கரையேற்றினாள் மகள். மாப்பிள்ளை அப்போதும் எழவில்லை. அப்பா பொறுமையிழந்து அவர் எதிரே போய் நின்றார்.

"எறங்கற உத்தேசம் இருக்கா மாப்பிள்ளை, இல்ல பல்லக்கு வரச் சொல்லட்டுமா?"

"மெதுவாப் பேசுங்க மாமா. அத்தை பாக்கறாங்களா?"

"இல்லையே. ஏன்?"

மாப்பிள்ளை குதிகாலைத் தூக்கினார். அடியில் சுருட்டி வைத்திருந்த கைக்குட்டையைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் குபுகுபுவென்று பொங்கியது.

"கட்டையில இடிச்சப்போ விழுந்த ஓட்டை. பாத்திருந்தா அத்தை பயத்துல எந்திரிச்சு, படகையே கவுத்திருப்பாங்க. இப்பத் தெரிஞ்சாலும் திரும்பிப் போக எந்தப் படகுலயும் ஏற மாட்டாங்க. படகுக்காரர் வேற படகு கொண்டுவரப் போயிருக்கார். அதுவரைக்கும்..."

கரையில் அம்மா திரும்பினாள்.

அப்பா மாப்பிள்ளையை எழுப்பிக் கரைப்பக்கம் தள்ளிவிட்டு, பலகையில் தொப்பென்று உட்கார்ந்து தன் குதிகாலை ஓட்டையில் வைத்து அழுத்தினார்.

"பாரு இந்த மனுஷனை!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் அம்மா. "எல்லாரும் எறங்கியாச்சு, இவர் மட்டும் மகாராஜா கணக்கா உக்காந்திருக்கார். மாப்பிள்ளைகிட்டயாவது கத்துக்கக் கூடாதா?"

"கத்துக்கிட்டுத்தான்டி இருக்கேன்" என்றார் அப்பா, காலை எடுக்காமல்.