மூன்றாவது டெஸ்ட்

ரிவர்ஸ் கியர் விழவில்லை.

ராஜாத்தி கிளட்சை மறுபடியும் அழுத்தி மிதித்தாள். செருப்பை வெளியிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வந்திருந்தாள். வெறுங்காலில் மிதித்தால்தான் அவளுக்குக் கிளட்ச் பிடிபடும்.

பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் கையிலிருந்த தாளைப் புரட்டினார்.

"ஏம்மா, இது மூணாவது தடவையா?"

"ஆமாங்க சார்."

முதல் தடவை கிளம்பிய இடத்திலேயே கார் நான்கு முறை நின்றுபோனது. இரண்டாவது தடவை பின்னால் எடுக்கும்போது கம்பத்தை இடித்துச் சாய்த்தாள். லைசன்ஸ் வாங்க வரிசையில் நின்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

இன்றைக்கும் தவறினால் அடுத்த தேதி கிடைக்க ஒரு மாதமாகும்.

ஒரு மாதம் தாங்காது.

அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் எல்லாரும் இதை ஆசை என்றே நினைத்தார்கள். ஓட்டக் கற்றுக்கொடுத்த சுமையா, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்த அவளைப் படம் எடுத்து, 'கனவுக்கு வயசில்லை' என்று எழுதி ஸ்டேட்டஸ் வைத்தாள். சென்னையில் வேலை பார்க்கும் மகள் பூமிகா அதைப் பார்த்துவிட்டு உடனே போன் செய்தாள்.

"இப்பவாச்சும் அடுப்படிய விட்டு வெளிய வந்தியேம்மா!"

ராஜாத்தி எதையும் மறுக்கவில்லை.

உண்மையில் அவளுக்கு அந்த அடுப்படி பிடித்திருந்தது. வாழைத்தார் ஏற்றிய மினி லாரியோடு புருஷன் ரெத்தினம் திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் மார்க்கெட்டுக்குக் கிளம்பிப் போனதும், வீட்டில் ஒரு நிம்மதி வந்து உட்காரும். மாடு இரண்டுக்கும் தண்ணீர் காட்டிவிட்டு, சூடாக ஒரு காபியோடு கொல்லைப்படியில் சாய்ந்துகொள்வாள். மத்தியானம் சீரியல். வெள்ளிக்கிழமை ஐயாறப்பர் கோயில். இருபத்தாறு வருஷம் அப்படித்தான் போனது. மிச்சமும் அப்படியே போய்விட்டால் போதும் என்றிருந்தாள். அவளுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

சித்திரையில் எல்லாம் மாறிப்போயிற்று. மாடுகளை ஒரத்தநாட்டுத் தங்கை வீட்டுக்கு ஓட்டிவிட்டாள். விடியற்காலையில் புருஷனோடு தானும் லாரியில் ஏறி மார்க்கெட்டுக்குப் போக ஆரம்பித்தாள். 'புதுசாக் கல்யாணம் ஆன ஜோடின்னு நினைப்பு' என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டாள். மத்தியானம் சீரியல் ஓடும் நேரத்தில் சுமையாவின் காரில் உட்கார்ந்து திட்டு வாங்கினாள்.

கியர் விழுந்தது.

"மெதுவா வாங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். கார் பின்னால் ஊர்ந்தது. பக்கக் கண்ணாடியில், நட்டிருந்த இரண்டு கம்பங்களில் ஒன்று தெரிந்தது. வியர்வை புருவத்தில் இறங்கிக் கண்ணுக்குள் போய் எரிந்தது. துடைக்கக் கையை எடுக்க முடியாது. ஒரு கம்பம் இரண்டாகத் தெரிந்தது. எது நிஜக் கம்பம் என்று தெரியவில்லை. பிரேக்கை மிதித்து நிறுத்தி, கண்ணை இறுக்க மூடித் திறந்தாள். கம்பம் ஒன்றானது. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தாள். கார் வளைந்து இரண்டு கம்பங்களுக்கும் நடுவில் போய் நின்றது.

எங்கும் இடித்த சத்தம் கேட்கவில்லை.

"பாஸ்மா." இன்ஸ்பெக்டர் தாளில் கையெழுத்துப் போட்டார். "புதுசா ஒண்ண கத்துக்கணும்னு எத்தன பேருக்கு இந்த வயசுல தோணுது? நல்லா இருங்க."

நன்றி சொல்ல வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து அவர் சிரித்தபடி இறங்கிப் போனார்.

வெளியே ரோட்டோரப் புங்கமரத்தடியில் ரெத்தினம் மினி லாரியில் சாய்ந்து நின்றிருந்தார். செருப்பை எடுக்கக்கூடத் தோன்றாமல், சுடுகிற சரளையில் ஓடிப்போய் அவர் எதிரில் நின்றாள்.

"என்னங்க, பாஸாயிட்டேன்."

அவர் முகம் அசையவில்லை. நீ லைசன்ஸ் வாங்கிக் காட்டு, அன்றைக்குச் சாவியைத் தருகிறேன், அதுவரை யாரிடமும் மூச்சு விடாதே, நீ கூட வர மாட்டேன் என்றால் நான் தனியாகவே ஓட்டிக்கொண்டு போவேன் என்று சித்திரையில் கத்தியவர் அவர். அவளால் எங்கே முடியப்போகிறது என்றுதான் அப்படிச் சொல்லியிருந்தார்.

சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். கையை நீட்டினார்.

அவளுக்கு இரண்டடி தள்ளி, யாருமே இல்லாத இடத்தில் நீட்டினார்.

ராஜாத்தி சத்தம் வராமல் நகர்ந்து, அந்தக் கைக்கு நேராகப் போய் நின்று வாங்கிக்கொண்டாள்.

இடது பக்கக் கதவைத் திறந்து அவரை ஏற்றிவிட்டாள். அந்த இருக்கையில் இருந்துகொண்டுதான் இத்தனை மாதமும் 'மாடு வருது', 'இப்ப ஒடிங்க', 'லாரி, லாரி' என்று அவருக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தாள். இன்று காலை கண்டியூர் கடைத்தெருவில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடச் சீருடையில் சைக்கிளோடு குறுக்கே வந்தது. ராஜாத்தி கத்திய கத்தலில்தான் வண்டி நின்றது. சக்கரத்துக்கும் சைக்கிளுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

அவர் மடியில் கைகளை வைத்துக்கொண்டு முன்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார்.

"அந்தப் புள்ளைக்கு என்ன வயசு இருக்கும், ராஜாத்தி?"

அவள் வண்டியைக் கிளப்பினாள்.