ஓட்டிவிட்ட இடம்

வெர்லீன் அம்மா மூன்றாவது நாளாக வந்து உட்கார்ந்ததும், தொலைக்காட்சிக் காப்பகத்தில் வேலை பார்க்கும் கர்ட்டிஸ் பழைய ஒளிநாடாவை ஓடவிட்டான். மறுபடியும் 1968 ஆகஸ்ட் செய்திகள். சிகாகோ தெருவில் போர் எதிர்ப்பாளர்கள் மேல் தடியடி, கண்ணீர்ப்புகை, ரத்தம்.

“நீங்க தேடுறது இந்தக் கூட்டத்துலதான் இருக்காம்மா?”

“அந்த வாரச் செய்தி நேரத்துலதான் அப்ப பார்த்தேன் தம்பி, இன்னும் கண்ணுலயே நிக்குது. ஞாயித்துக்கிழமைக்குள்ள கிடைக்கலைன்னா, என் நாத்தனார் மேக்சின் முன்னாடி நான் தலைகுனியணும்.”

பாவம், அந்தக் கூட்டத்தில் அடிபட்டது அண்ணனோ காதலனோ! கர்ட்டிஸ் கண் துடைக்கும் காகிதப் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினான். அவருடைய துக்கத்துக்கு மரியாதையாக, வழக்கம்போல இடையில் வந்ததை வேகமாக ஓட்டிவிட்டான்.

“நிறுத்து! இப்ப எதை ஓட்டினே?”

“வெறும் விளம்பரம்மா.”

“அடப்பாவி! மூணு நாளா இதைத்தான் செஞ்சியா? பின்னாடி போ!”

திரையில் ஒரு பெண், எலுமிச்சை ஜெல்லிக்குள் துருவிய கேரட்டையும் அன்னாசியையும் போட்டுச் சிரித்தாள்.

“மாட்டினாடா!” வெர்லீன் அம்மா கைதட்டினார். “இதே ஜெல்லியை ‘என் சொந்தக் கண்டுபிடிப்பு’ன்னு சொல்லியே அம்பது வருஷமா சர்ச் விருந்துல பரிசு வாங்குறா மேக்சின். ஒரு பிரதி எடுத்துக் குடு தம்பி. ஞாயித்துக்கிழமை விருந்துல முதல்ல இந்த விளம்பரத்தைத்தான் பரிமாறப் போறேன்!”